திரையில் உங்களை அழ வைத்த காட்சி எது, எந்த நொடியில் கண்ணீர் வந்தது?

கேள்வி: செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

வணக்கம். செந்தூலில் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடித் தமிழ்ப் படங்களைப் பார்த்துப் பேசி வருகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகோ விற்கப்பட்ட பிறகோ பட்டணத்திற்குக் குடிவந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன் வருவார்கள். அடுத்த கூட்டத்திற்கு, பார்ப்பவரை அழ வைக்கும் காட்சிகளையே பேசுபொருளாக எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது.

எல்லாரிடமும் கேட்டு ஒரு பட்டியல் வாங்கினேன். அதில் முக்கால்வாசி மரணக் காட்சிகள். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது, நாயகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார், வயலின்களும் சேர்ந்து அழுகின்றன, மழையும் கொட்டுகிறது, ஆனால் என் கண் கலங்கவில்லை. மாறாக, திரையில் யாருமே அழாத சில காட்சிகளில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1961இல் வந்த 'பாசமலர்' படத்தை என் அம்மா எத்தனை முறை பார்த்தாலும் அழுவார். அண்மையில் படத்தை விட்டுவிட்டு அம்மாவையே கவனித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையும் இறக்கும் இடம் வரை அவர் காத்திருக்கவில்லை. தங்கையின் குழந்தையை வெடியிலிருந்து காப்பாற்றப் போய்ப் பார்வையை இழந்த அண்ணன், நோயுற்றுக் கிடக்கும் தங்கையிடம் வந்து, அவளைச் சிறு பிள்ளையாகவே எண்ணிக்கொண்டு 'கைவீசம்மா கைவீசு' என்று சொல்லத் தொடங்கியதுமே, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் பதினைந்து வயது மகளுக்கோ அந்தக் காட்சி ஒன்றும் செய்யவில்லை. நடிப்பு மிகையாக இருக்கிறது என்றாள். ஆனால் அதே பெண், 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் தந்தை வேட்டி உருவப்பட்டுப் பட்டப்பகலில் சாலையில் ஓடும் காட்சியில் விம்மி விம்மி அழுதாள். அன்றிரவு அவள் சாப்பிடவும் வரவில்லை.

ஆகவே உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். உங்களை அழ வைத்த காட்சி எது என்பதோடு, அக்காட்சியில் துல்லியமாக எந்த இடத்தில் கண்ணீர் வந்தது, ஏன் அந்த இடத்தில் வந்தது என்றும் சொல்லுங்கள். காட்சியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் போதுமா, முழுப் படத்தையும் காட்ட வேண்டுமா என்பதையும் நான் முடிவு செய்தாக வேண்டும்.


பதில் 1: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

சகோதரிக்கு வணக்கம். இந்தக் கேள்வியைத் தமிழில் முதலில் எழுப்பியவர்கள் நாம் அல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளை, சொல்லி, அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது: 'இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே'. பிறரால் இகழப்பட்டு எளியவராதல், உற்றாரையும் இன்பத்தையும் இழத்தல், முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துதல், வேண்டியதைத் துய்க்க வழியின்றி ஏங்குதல் என்பவையே முறையே அந்நான்கு. இறப்பு இந்த நான்கனுள் ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியல் மரணக் காட்சிகளால் நிறைந்தும் உங்கள் கண்கள் கலங்காமல் போனதற்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது.

உங்கள் தாயார் அழுத இடத்தை எடுத்துக்கொள்வோம். 'பாசமலர்' அண்ணன் ஏழைத் தொழிலாளியாக இருந்து பெரும் செல்வராக உயர்ந்தவர். தங்கைக்காக எதையும் செய்யக்கூடிய நிலையில் இருந்தவர், கடைசியில் அவள் முகத்தைக்கூடப் பார்க்க இயலாதவராக அவள் முன் நிற்கிறார். அது இழவாக மாறுவதற்கு முன்பே அசைவாக இருக்கிறது. 'கைவீசம்மா' என்று அவர் சொல்லும்போது, இருந்த நிலையும் இப்போதைய நிலையும் ஒரே மூச்சில் நம்முன் வந்து நிற்கின்றன. மரணம் அதன் பிறகு வருகிறது. அழுகை அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

உங்கள் மகள் அழுத காட்சி இளிவைச் சேர்ந்தது. என் அனுபவத்தில் இன்றைய பிள்ளைகளை மிக ஆழமாகத் தொடுவது இதுதான். பரியனின் தந்தை கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடும் கலைஞர். கல்லூரியில் பெற்றோரை அழைத்து வரச் சொன்னபோது, முதலில் வேறொருவரைத் தந்தை என்று சொல்லி அழைத்து வந்தவன் அந்த மகன். பின்னர் உண்மையான தந்தை வருகிறார். வந்த இடத்தில்தான் அந்த அவமானம் நேர்கிறது. மகன் எதற்கு அஞ்சித் தந்தையை மறைத்தானோ அது நம் கண்முன் நடக்கிறது. அடித்திருந்தால்கூட நாம் கோபப்பட்டிருப்போம். அவர் ஓடுவதால் அழுகிறோம். ஓட வேண்டியவர் அவர் அல்லவே என்ற எண்ணம் மனத்தை அறுக்கிறது.

பேராசிரியர் என்றே பெயர் பெற்ற தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியர், அழுகையை விளக்கும்போது தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்று இரண்டாகப் பிரித்து, அவற்றை அவலம் என்றும் கருணை என்றும் குறிக்கிறார். திரையரங்கில் நாம் சிந்தும் கண்ணீர் இரண்டாவது வகை என்றே பலரும் நினைப்பார்கள். பல சமயம் அது இரண்டாவதாகத் தொடங்கி முதலாவதாக மாறிவிடுகிறது என்று நான் கருதுகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிய நாள்களில், தந்தையை இழந்த ஒரு மாணவன், திரையில் தந்தையும் மகனும் மிதிவண்டியில் சிரித்துக்கொண்டே போகும் சாதாரணக் காட்சியில் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது திரையிலிருந்தவர்களுக்கான கண்ணீர் அன்று.


பதில் 2: தொலைக்காட்சி நாடகத் தொகுப்பாளர், கோலாலம்பூர்

ஆசிரியர் ஐயா சொன்ன பிறகு நான் தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எடிட்டிங் மேசையில் அமர்ந்து அழுகைக் காட்சிகளை வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒரு காட்சியில் நடிகர் முழுவதுமாக அழுது முடித்துவிட்டால், பார்ப்பவர் அழுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதை இந்த வேலை திரும்பத் திரும்ப எனக்குக் காட்டியிருக்கிறது. திரையில் இருப்பவர் எதை அறியவில்லையோ, அல்லது எதைச் சொல்ல முடியாமல் இருக்கிறாரோ, அதை நாம் அறிந்திருக்கும்போது அந்தச் சுமை நம்மிடம் வந்து சேர்கிறது.

இதற்கு 'மூன்றாம் பிறை' படத்தின் இறுதிக் காட்சியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1982இல் பாலுமகேந்திரா இயக்கி, ஒளிப்பதிவும் அவரே செய்த படம். நினைவை இழந்து குழந்தை மனத்தோடு இருந்த பெண்ணைச் சீனு தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். சிகிச்சையில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் அவனோடு வாழ்ந்த காலம் மறந்துவிடுகிறது. ஊட்டிக்கு அருகில் உள்ள கேத்தி ரயில் நிலையம், விடாத மழை, புறப்படவிருக்கும் ரயில். அடிபட்டு, உடலெல்லாம் சேறாக ஓடி வரும் சீனு, அவளுக்குத் தன்னை நினைவூட்ட வேண்டும் என்று, வீட்டில் அவளைச் சிரிக்க வைப்பதற்காகச் செய்த குரங்கு வேடிக்கையை நடைமேடையில் செய்து காட்டுகிறான்.

இப்போது அந்தப் பெண்ணின் முகத்தைக் கவனியுங்கள். அதில் கொடுமை இல்லை, வெறுப்பும் இல்லை. யாரோ ஒரு பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று இரக்கப்பட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் பக்கம் எறிகிறாள். அவள் நல்லவளாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. அவள் கோபித்திருந்தால் நாமும் அவள்மேல் கோபப்பட்டு ஆறியிருப்போம். யார்மீதும் பழி போட வழியில்லாத இடத்தில் பாலுமகேந்திரா நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஐயா சொன்ன நான்கில் இளிவும் இழவும் அசைவும் அந்தப் பொட்டலம் வந்து விழும் நொடியில் ஒன்றுசேர்கின்றன. ரயில் நகரத் தொடங்கிய பிறகும் அவன் அந்த வேடிக்கையை நிறுத்தாமல் நொண்டிக்கொண்டே கூட ஓடி, இரும்புக் கம்பத்தில் மோதிக்கொள்கிறான். அங்கே எனக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு இறுகிவிட்டது. கண்ணீர் வந்தது அந்தப் பொட்டலத்தில்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டிக் காட்டினால், படம் பார்க்காத இளையவர்களுக்கு ஒருவர் மழையில் குரங்குபோல் ஆடுவதுதான் தெரியும்; சிலர் சிரிக்கவும் கூடும். அந்த வேடிக்கை வீட்டுக்குள் மகிழ்ச்சியாக நடந்ததைப் பார்த்தவருக்கு மட்டுமே ரயில் நிலையத்தில் அது என்னவாக மாறியிருக்கிறது என்பது புரியும். அழ வைக்கும் காட்சியின் வேலையில் பாதி, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரும் சிரிக்க வைக்கும் காட்சியில் முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியை வெட்டிவிட்டுக் காட்டுவதில் பயனில்லை.

இசையைப் பற்றியும் ஒரு சொல். நாங்கள் நாடகங்களில் செய்யும் பெருந்தவறு, பார்ப்பவர் உணர்வதற்கு முன்பே இசையைக் கொண்டுவந்து 'இங்கே அழுங்கள்' என்று சொல்லிவிடுவது. இயக்குநர்கள் அவசரப்படுத்தும்போது நானும் வாதாடிப் பார்ப்பேன். இசை சற்றுத் தாமதித்து வந்தால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் கண்ணை அது தொட்டுவிடுகிறது. முந்திக்கொண்டு வந்தால் பார்ப்பவர் எச்சரிக்கையாகிவிடுகிறார்.


பதில் 3: தோட்டத்துப் பேத்தி, பிரிக்ஃபீல்ட்ஸ்

'பரதேசி' (2013), இறுதிக் காட்சி. பாலா இயக்கியது, அதர்வா நடித்தது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்ப முயன்று பிடிபட்டு, இனி ஓடவே முடியாதபடி குதிகால் நரம்பு வெட்டப்பட்ட ராசா, பாறைமேல் உட்கார்ந்து கதறிக்கொண்டிருக்கிறான். கங்காணி கூட்டி வரும் புதிய ஆள்களின் கூட்டம் வருகிறது. அதில் அவன் மனைவி அங்கம்மாவும், அவன் இதுவரை பார்த்திராத மகனும் இருக்கிறார்கள். அவளுக்கு அவனைக் கண்டுவிட்ட மகிழ்ச்சி. அவனுக்கோ, அவர்களும் இந்தக் குழியில் வந்து விழுந்துவிட்டார்களே என்ற கதறல். தொகுப்பாளர் அண்ணன் சொன்னதுபோல, அவள் அறியாததை நாம் அறிந்திருக்கிறோம்.

ஆனால் நான் அழுதது அதனால் மட்டும் அன்று. என் பாட்டியின் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். அவரை அழைத்து வந்ததும் அவர் ஊர்க்காரரான ஒரு கங்காணிதான். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கு அனுப்புவதைத் தடை செய்யும் வரை, எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் வந்தன. படம் காட்டுவது தேயிலை, எங்களுடையது ரப்பர்; அந்த மலை தமிழகத்தைச் சேர்ந்தது, எங்கள் தோட்டம் சிலாங்கூரில் இருந்தது. ஆனாலும் கூலியைக் கொடுக்க உட்காரும்போது கடைக்கடன், மருத்துவம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் தொழிலாளியையே கடன்காரனாக்கும் அந்தக் காட்சியில், பாட்டி 'இதேதான், இதேதான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். இறுதிக் காட்சி வருவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் போனதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

உங்கள் கூட்டத்தில் தோட்டத்து முதியவர்கள் அதிகம் என்றால், அக்கா, இந்தப் படத்தைப் போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் என்ன வருகிறது என்று அவர்களுக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது.


பதில் 4: பினாங்குவாசி, ஜார்ஜ்டவுன்

தொகுப்பாளர் தம்பி சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அடக்கி நடித்தால்தான் கண்ணீர் வரும் என்று ஒரு விதியாக அதை எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லியின் 'இபு மெர்துவாக்கு' (1962) படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் 1929இல் பிறந்த வீடு இங்கே அவர் பெயரைத் தாங்கிய சாலையில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கதையின் ஒரு பகுதியும் பினாங்கிலேயே நடக்கிறது. காசிம் செலாமாட் என்ற இசைக்கலைஞன், பணக்கார மாமியாரின் எதிர்ப்பை மீறி மணந்த மனைவி இறந்துவிட்டதாக வந்த பொய்ச் செய்தியை நம்பி, அழுது அழுதே பார்வையை இழக்கிறான். பின்னர் அவனுக்குப் பார்வையைத் திருப்பித் தரும் கண் மருத்துவர், அவன் மனைவியை மறுமணம் செய்துகொண்டவரே. உண்மை தெரிந்ததும், திரும்பக் கிடைத்த கண்களை முள்கரண்டியால் தானே குத்திக்கொள்கிறான். அடக்கம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஆனாலும் எங்கள் வரிசை வீடுகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாராமல், தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும் நாளில் எல்லா வீட்டுப் பெண்களும் அழுதார்கள். அவர்கள் அழுதது முள்கரண்டிக் காட்சியில் அன்று. அங்கே எல்லாரும் முகத்தைத்தான் மூடிக்கொண்டார்கள். இறக்காத மனைவிக்காக அவன் கண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும் பகுதியில்தான் அழுதார்கள்.

'பாசமலர்' அண்ணனாக நடித்த சிவாஜி கணேசன் நாடக மேடையில் வளர்ந்தவர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரலும் முகமும் எட்ட வேண்டும் என்ற பயிற்சி அவருடையது. தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாயை விரித்துத் தரையில் அமர்ந்து, பிள்ளைகள் சத்தம் போட, காற்றில் துணி ஆட, அதனூடே பார்த்த மக்களுக்கு அந்தக் குரல் தேவையாக இருந்தது. அடக்கமான ஒரு கண்ணசைவு அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. செந்தூல் சகோதரியின் மகள் கைப்பேசியில் முகத்துக்கு நேராக வைத்துப் படம் பார்த்துப் பழகியவளாக இருக்கலாம்; அவளுக்கு அது மிகையாகத் தெரிவதும் இயல்பே. பாட்டியும் பேத்தியும் வெவ்வேறு தூரத்தில் அமர்ந்து பார்க்கப் பழகியவர்கள் என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பிள்ளைகள் 'பாசமலர்' படத்தைக் கொஞ்சம் பொறுமையோடு பார்ப்பார்கள்.

நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015), 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. மகன் அப்போய் எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று தந்தை அவனை அடிக்கிறார். அந்த அடி ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்தது அவருடைய பயம்தான். என் தந்தையும் அப்படித்தான் அடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் எதற்குப் பயந்தார் என்பது எனக்கு விளங்கியது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன.


கேள்வி கேட்டவர்: செந்தூல் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை அச்செடுத்து எங்கள் குழுவினரிடம் கொடுத்துவிட்டேன். என் அம்மாவிடம் அசைவு பற்றிச் சொன்னபோது, 'ஆமாம், எப்படி இருந்த மனுசன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வெட்டிய காட்சிகளைக் காட்டும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். ஒரே படத்தை முழுமையாகக் காட்டிவிட்டு, மற்றக் காட்சிகளைப் பற்றிப் பார்த்தவர்களே எழுந்து சொல்லட்டும் என்று நினைக்கிறேன். எந்தப் படம் என்பதில்தான் குழப்பம். 'மூன்றாம் பிறை', 'பரியேறும் பெருமாள்', 'ஜகாட்' ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பரதேசி' பற்றித் தங்கை சொன்னதைக் கேட்ட பிறகு அதை இந்த முறை எடுக்க மனம் வரவில்லை.


பதில் 5: தொலைக்காட்சி நாடகத் தொகுப்பாளர், கோலாலம்பூர்

முதலில், பினாங்கு ஐயாவின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். கண்ணுக்கு அருகில் திரையை வைத்துப் பார்ப்பவர்களுக்காக வேலை செய்கிற என் பழக்கத்திலிருந்து நான் பேசியிருக்கிறேன். திடலில் பார்த்தவர்களின் கண்ணீருக்கு அவர் சொன்னதே பொருத்தமான விளக்கம்.

அக்கா, என் தேர்வு 'ஜகாட்'. மற்ற இரண்டும் மிகச் சிறந்த படங்களே. ஆனால் உங்கள் கூட்டத்தில் அந்தத் தந்தையின் வயதில் இருப்பவர்களும், அந்தப் பையனின் வயதில் இருப்பவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பேசும் தமிழும், வசைச் சொற்கள் உட்பட, இங்குள்ள தமிழ். ஒரே அடியைப் பெரியவர்கள் ஒரு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் மறுபக்கத்திலிருந்தும் பார்ப்பார்கள். எந்த நொடியில் கண்ணீர் வந்தது என்ற உங்கள் கேள்விக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கும்.


பதில் 6: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு உடனே ஒலிவாங்கியை நீட்டிவிடாதீர்கள். தேநீர், பலகாரம் ஏதேனும் கொடுத்துச் சற்று நேரம் விடுங்கள். பேச்சு தொடங்கும்போது பிள்ளைகளை முதலில் பேசச் சொல்லுங்கள். பெரியவர்கள் முதலில் பேசினால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார்கள் என்பதை வகுப்பறையில் பார்த்துப் பழகியிருக்கிறேன். அழாதவர்களையும் கேளுங்கள். எந்த இடத்தில் அழுகை வரவேண்டியது, ஏன் தடைபட்டது என்று அவர்கள் சொல்வதிலும் நமக்குப் பயன் உண்டு. கூட்டம் முடிந்ததும் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதுங்கள், சகோதரி.